குன்றின் மேல் மாளிகை கட்டிக் கொடுத்துவிட்டுப் போன நவாப்

செகந்திராபாத்தில் இருந்து பலக்நுமாவுக்குப் போகும் உள்ளூர் ரெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி உட்காருங்கள். காச்சிகுடா, மலக்பேட், யாகுத்புரா, உப்புகுடா என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தாண்டி, பழைய நகரத்தின் முதுகுப்புறமாக வண்டி தெற்கே போகும். பலக்நுமா ஸ்டேஷனில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் ஒரு குன்று. அந்தக் குன்றின் உச்சியில் வெள்ளைவெளேர் என்று ஒரு மாளிகை.

பலக்நுமா என்ற பெயர் நம் தமிழ் மக்களுக்குப் புதிதல்ல. கல்கத்தா பக்கம் போகிறவர்கள் ஹவுரா செல்லும் பலக்நுமா எக்ஸ்பிரசில் போயிருப்பார்கள். அந்த வண்டிக்குப் பெயர் கொடுத்தது இந்த மாளிகைதான். மாளிகையைக் கட்டியவர் பெயரைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் நிஜாம் என்பார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்து இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. நிஜாம் அங்கே வசித்தார், அங்கேயே கண்ணை மூடினார். ஆனால் ஒரு செங்கல்கூட அவர் வைத்ததல்ல. கட்டியவர் நிஜாமின் மைத்துனர் (அக்காள் தங்கை வழி உறவு), பின்னாளில் ஐதராபாத் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். நவாப் சர் விகார் உல் உமரா என்பது அவர் பட்டப்பெயர். பெற்றோர் இட்ட பெயர் முகமது பஸ்லுதீன் கான்.

ஆசைப்பட்டு ஒரு மாளிகை கட்டி, அதற்காகக் கடன்பட்டு, கடைசியில் அந்த மாளிகையையே கைவிட நேர்ந்த மனிதரின் கதை இது. சொந்த ஊரில் வீடு தொடங்கி லிண்டல் மட்டத்தில் நிறுத்திவிட்டு, இங்கே மாதத் தவணை கட்டிக் கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் நெருக்கமாகவே படும்.

பைகா குடும்பம்

விகார் உல் உமரா பிறந்தது 1856-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந்தேதி. பிறந்த குடும்பம் சாதாரணமானதல்ல. ஐதராபாத்தில் நிஜாமுக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்டது பைகா குடும்பம். நிஜாமுக்கு எப்போது வேண்டுமானாலும் குதிரைப் படையைக் கொண்டுவந்து நிறுத்துவது அவர்கள் கடமை. அந்தப் படையைப் பராமரிப்பதற்காக அவர்களுக்கு நிலங்கள் மானியமாகக் கொடுக்கப்பட்டன. மூன்று கிளைகளாகப் பிரிந்த அந்தக் குடும்பத்தின் நிலங்களை எல்லாம் கூட்டினால் சுமார் 4,000 சதுர மைல். நம் பக்கத்து ஜில்லா ஒன்றின் அளவு என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கே வரி வசூல், போலீஸ், கோர்ட்டு எல்லாம் அவர்களுடையவை.

இன்னொரு பெருமையும் அவர்களுக்கு உண்டு. நிஜாம் வீட்டுப் பெண்களை மணந்து கொள்ளும் உரிமை தலைமுறை தலைமுறையாகப் பைகா குடும்பத்துக்கே போய்க் கொண்டிருந்தது. விகார் உல் உமராவும் அப்படியே, ஐந்தாவது நிஜாம் அப்சல் உத் தௌலாவின் மகள் ஜஹாந்தார் உன்னிசா பேகத்தை மணந்தார். ஆறாவது நிஜாம் மகபூப் அலிகானுக்கு அந்த அம்மையார் சகோதரி. இந்த உறவை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் நடந்த காரியங்களுக்கு இதுதான் சாவி.

தாத்தா பக்ருதீன் கான் விசித்திரமான மனிதர். பட்டாளமும் பண்ணையும் வைத்திருந்த பிரபு, விஞ்ஞானத்தில் பைத்தியமாக இருந்தார். சொந்த அச்சகம் வைத்து, மேல்நாட்டு விஞ்ஞானப் புத்தகங்களை உருதுவில் அச்சிட்டார். நகரின் தெற்கே ஒரு மாளிகை எழுப்பி அதற்கு ஜஹான்நுமா என்று பெயரிட்டார். உலகைக் காட்டுவது என்று பொருள். அந்த மாளிகையின் பெயர் இன்று ஒரு பேட்டையின் பெயராக நிற்கிறது. தாத்தா உலகத்தோடு நிறுத்திக் கொண்டார். பேரன் ஒரு படி மேலே போய் வானத்தைப் பிடித்தார். பலக் என்றால் வானம்.

தந்தை ரஷீதுதீன் கானும் பெரும்புள்ளி. மகபூப் அலிகான் 1869-ம் ஆண்டு இரண்டரை வயதுக் குழந்தையாக இருந்தபோதே பட்டத்துக்கு வந்தவர். அவர் வயதுக்கு வரும்வரை சமஸ்தானத்தை ஆள ரீஜண்டுகள் இருந்தார்கள். புகழ்பெற்ற முதல் சாலார் ஜங் ஒருவர். 1877-ம் ஆண்டு முதல் அவருக்கு இணையாக உட்கார வைக்கப்பட்டவர் ரஷீதுதீன் கான். சாலார் ஜங்குக்கு இது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர்களின் வற்புறுத்தலால் ஒத்துக் கொண்டார். 1881-ம் ஆண்டு ரஷீதுதீன் காலமானார். இருபத்தைந்து வயதில் விகார் உல் உமரா கையில் பெரும் சொத்து வந்து சேர்ந்தது.

அஸ்திவாரம் போட்ட நாள்

1884-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந்தேதி. வைஸ்ராய் ரிப்பன் பிரபு ஐதராபாத்துக்கு வந்து, பதினேழு வயது மகபூப் அலிகானிடம் முழு ஆட்சி அதிகாரத்தை ஒப்படைத்தார். நகரமே விழாக்கோலம் பூண்டிருந்தது.

அது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 3-ந்தேதி, சார்மினாருக்குத் தெற்கே சுமார் ஐந்து கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள கோஹிதூர் குன்றின் மேல் விகார் உல் உமரா தன் மாளிகைக்கு அஸ்திவாரக்கல் வைத்தார். இளைய நிஜாம் அரியணை ஏறுகிறார், அவர் மைத்துனர் நகரத்தையே கீழே பார்க்கும்படி ஒரு குன்றின் உச்சியில் கல் வைக்கிறார். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இது வெறும் தற்செயலாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் ஐதராபாத் பிரபுக்களிடையே மாளிகை கட்டுவதில் ஒரு போட்டியே நடந்தது. இன்னொரு பைகா பிரபுவான சர் ஆஸ்மான் ஜா, மலக்பேட் பக்கம் வேறொரு குன்றின் மேல் ஆஸ்மான்கட் என்ற மாளிகையைக் கட்டினார். அந்தப் பெயரிலும் வானம்தான் இருக்கிறது. நகரத்துக்குள் பஷீர் பாக் அரண்மனையும் அவருடையதே. விகார் உல் உமராவின் அண்ணன் சர் குர்ஷித் ஜா உசைனி ஆலம் பகுதியில் பெரிய தூண்கள் வைத்து ஐரோப்பிய பாணியில் ஒரு மாளிகை வைத்திருந்தார். எல்லோருக்கும் மேல் பாணியில் கட்ட வேண்டும் என்ற வெறி இல்லாமல் பலக்நுமா பிறந்திருக்காது.

வரைபடம் போட்டவர் வில்லியம் வார்டு மாரெட் என்ற ஐரோப்பியர். முழுக்க முழுக்க மேல்நாட்டு பாணி. முகப்பில் இரண்டு அடுக்காகத் தூண் வரிசை, நடுவில் அகன்ற படிக்கட்டு. ரோமாபுரிக் கோவில்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் வரும். இத்தாலி நாட்டு சலவைக்கல் கப்பலில் வந்தது. பம்பாய் மார்க்கத்தில் வாடி ஜங்ஷன் வழியாக ஐதராபாத்துக்கு ரெயில் பாதை போட்டது 1874-ம் ஆண்டில். பத்து வருடம் முன்பு அந்தப் பாதை வந்திராவிட்டால், இத்தனை டன் சாமான்களை மாட்டு வண்டியில் கொண்டு வர ஒரு தலைமுறை ஆகியிருக்கும் என்பது ரெயில்வே குமாஸ்தாவான என் கணக்கு. ஆனால் குன்றின் அடிவாரத்துக்கு அப்போது ரெயில் கிடையாது. இன்று நாம் இறங்கும் ஸ்டேஷன் எல்லாம் அவருக்குப் பிறகு வந்தவை.

தேள் வடிவ மாளிகை

மேலே இருந்து பார்த்தால் மாளிகை தேள் வடிவத்தில் இருக்கும். வடக்கே விரிந்த இரண்டு சிறகுகள் தேளின் கொடுக்குகள். நடுவில் பிரதான கட்டிடமும் சமையல்கட்டும் கோல் பங்களா என்ற வட்டமான பகுதியும். தெற்கே பெண்கள் வசிக்கும் ஜனானா மகால். நவாபின் ராசி விருச்சிகம், அதனால் தேள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் பிறந்தது ஆகஸ்டு 13. இங்கிலீஷ்காரன் கணக்குப்படி அது சிம்மம். ஆகவே இந்தப் பேச்சை நான் நம்பத் தயாராக இல்லை.

உள்ளே நுழைந்ததும் ஒரு சலவைக்கல் நீரூற்று. சுவரிலும் கூரையிலும் வண்ண ஓவியங்கள். அங்கிருந்து மாடிக்குப் போகும் சலவைக்கல் படிக்கட்டு. படிக்கட்டுச் சுவரில் இந்தியாவை ஆண்ட கவர்னர் ஜெனரல்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. வெள்ளைக்கார விருந்தாளி ஒவ்வொரு படி ஏறும்போதும் தன் நாட்டு துரைகளைப் பார்த்துக் கொண்டே ஏற வேண்டும். மைத்துனருக்கு மேலே வைஸ்ராய், வைஸ்ராய்க்கு மேலே மகாராணி என்ற கணக்கை விகார் உல் உமரா நன்றாகப் படித்து வைத்திருந்தார்.

மாளிகையில் 60 அறைகள், 22 மண்டபங்கள். நூலகத்தின் மரக்கூரை, இங்கிலாந்து ராஜ குடும்பத்தின் விண்ட்சர் கோட்டையில் உள்ள நூலகக் கூரையைப் பார்த்துச் செய்தது. நடன மண்டபத்தில் ராட்சத ஆர்கன் வாத்தியம். எங்கே திரும்பினாலும் தொங்கும் கண்ணாடிச் சரவிளக்குகள். அவற்றைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்கே மாதக்கணக்கில் ஆகுமாம். துடைத்த ஆட்களின் பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பேர் பெற்றது சாப்பாட்டு மேஜை. நீளம் 108 அடி. ஒரே பந்தியில் 101 பேர் உட்காரலாம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் 101 பேருக்கு இலை போடுவது பெரிதல்ல. ஆனால் நாம் வரிசை வரிசையாகப் போடுவோம். இது ஒரே மேஜை. ஒரு கோடியில் உட்கார்ந்தவர் மெதுவாகப் பேசினாலும் மறுகோடிக்குக் கேட்கும்படி மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள்.

இந்த மாளிகையின் அந்தக் காலத் தோற்றத்தை இன்று நாம் பார்க்க முடிவதற்கு ராஜா தீன் தயாள் என்ற புகைப்படக் கலைஞர் காரணம். நிஜாமின் ஆஸ்தான புகைப்படக்காரராக இருந்த அவர் பலக்நுமாவை உள்ளும் புறமும் படம் எடுத்து வைத்தார்.

1890-ம் ஆண்டு டிசம்பரில் நவாப் ஜனானா மகாலுக்கும் கோல் பங்களாவுக்கும் குடி வந்தார். அப்போதும் முன்புறம் வேலை முடியவில்லை. அங்கேயே இருந்து மேற்பார்வை பார்த்தார். வீடு முடியும் முன்பே குடிபோய், ஒரு பக்கம் பூச்சு வேலையும் மறுபக்கம் சமையலுமாகக் காலம் தள்ளுவது நமக்குத்தான் என்று நினைத்தேன். நவாப்களுக்கும் உண்டு போலும். எல்லாம் முடிய ஒன்பது ஆண்டுகள் ஆயின.

பிரதம மந்திரி

மாளிகை முடிந்த சமயத்தில் பதவியும் வந்தது. 1887-ம் ஆண்டு முதல் பிரதம மந்திரியாக இருந்த சர் ஆஸ்மான் ஜா 1893-ம் ஆண்டு பதவியில் இருந்து விலகினார். அந்த இடத்துக்கு விகார் உல் உமராவை நியமித்தார் நிஜாம். குன்றின் மேல் மாளிகை கட்டிய இரண்டு உறவினர்கள், ஒருவர் இறங்க மற்றவர் ஏறினார்.

எட்டு ஆண்டுகள் அவர் அந்தப் பதவியில் இருந்தார். மந்திரிகள் கூடிப் பேசி முடிவெடுக்க மந்திராலோசனை சபை ஒன்று வேண்டும் என்று நிஜாம் சட்டம் வகுத்தது அந்த 1893-ம் ஆண்டில்தான். சபைக்குத் தலைமை பிரதம மந்திரி. ஒருபுறம் அரண்மனை, மறுபுறம் பிரிட்டிஷ் ரெசிடென்ட். இரண்டு பேர் முகமும் கோணாமல் காரியம் பார்க்க வேண்டிய வேலை. பிரிட்டிஷார் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள்.

காலம் மட்டும் அவருக்கு நல்லதாக அமையவில்லை. 1896-97-லும் 1899-1900-த்திலும் இந்தியாவை உலுக்கிய பஞ்சங்கள் நிஜாம் சீமையையும் விடவில்லை. இரண்டாவது பஞ்சம் மராட்டிப் பக்கத்து ஜில்லாக்களை வாட்டி எடுத்தது. பம்பாயில் கிளம்பிய பிளேக் நோய் எல்லைக்குள் வந்தது. மலைமேல் 101 பேர் சாப்பிடும் மேஜையும், கீழே சோளக் கஞ்சிக்கு வழியில்லாத கிராமங்களும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. இதை மறைத்துவிட்டு மாளிகையின் அழகை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடன்

மாளிகைக்கு ஆன செலவு நாற்பது லட்ச ரூபாய் என்று சொல்வது வழக்கம். அந்தக் காலத்து நாற்பது லட்சம். பட்டாளத்துச் சிப்பாயின் சம்பளம் மாதம் ஒற்றை இலக்க ரூபாயில் இருந்த காலம் என்பதை நினைத்துக் கொண்டு இந்தத் தொகையைப் பாருங்கள்.

4,000 சதுர மைலில் மூன்றில் ஒரு கிளையின் வருமானம் வைத்திருந்தவருக்கே இது தாங்கவில்லை. பேங்க் ஆப் பெங்காலில் கடன் வாங்கினார். வட்டி ஏறியது. சமஸ்தானத்தின் கஜானாவைப் பார்த்துக் கொள்ள வேண்டிய பிரதம மந்திரியே கல்கத்தா பேங்குக்குக் கடன்காரர். இதைவிடத் தர்மசங்கடம் என்ன வேண்டும்? மாளிகையை விற்கலாம் என்றால் வாங்கக்கூடியவர் யார்? அந்த விலைக்கு அதை வாங்கும் சக்தி உள்ளவர் அந்த ராஜ்யத்தில் ஒருவர்தான். அவரிடம் போய், வீட்டை வாங்கிக் கொள்ளுங்கள் என்று ஒரு பிரபு கேட்க முடியாது. மானம் போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அவர் மனைவி என்று சொல்கிறார்கள். புத்திசாலியான அந்த அம்மையார், தன் சகோதரனின் குணத்தை அறிந்தவர். மகபூப் அலிகானுக்குத் தாராள மனது. போட்ட உடையை மறுபடி போடமாட்டார் என்று பெயர் எடுத்தவர். அவர் துணிமணிகளுக்கென்றே கட்டிய நீண்ட மர அலமாரி வரிசையைப் புரானி ஹவேலியில் இன்றும் பார்க்கலாம். அழகான பொருளைக் கண்டால் ஆசைப்படுவார். ஒருவர் காணிக்கை என்று கொடுத்தால் அதற்கு மேல் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது அவர் அந்தஸ்துக்குக் குறைவு.

1897-ம் ஆண்டு வசந்த காலத்தில் நிஜாம் பலக்நுமாவுக்கு விருந்தாளியாக அழைக்கப்பட்டார். வழிவழியாகச் சொல்லும் கதை இப்படிப் போகிறது. ஒரு நாள் தங்கலாம் என்று வந்தவர் ஒரு வாரம் தங்கினார். ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று. மாலை வேளையில் மேல்மாடியில் நின்றால் வடக்கே சார்மினாரும் மெக்கா மசூதியும் கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும். நிஜாம் நகர மனம் இல்லாமல் இருந்தார். அப்போது விகார் உல் உமரா மாளிகையையே அவர் காலடியில் காணிக்கையாக வைத்தார். நிஜாம் அதை ஏற்றுக் கொண்டார். கட்டிய செலவையும் கொடுத்து மைத்துனரைக் கடனில் இருந்து மீட்டார். 1898-ம் ஆண்டுக்குள் மாளிகை முழுவதும் நிஜாம் வசம் போய்விட்டது.

விருந்தும் காணிக்கையும் கதைக்கு அழகு சேர்த்திருக்கலாம். ஆனால் கணக்கு நோட்டைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு இது மிகக் கௌரவமாக நடந்த ஒரு விற்பனை என்றே படுகிறது. வாங்கியவருக்கும் பெருமை, விற்றவருக்கும் மானம் மிஞ்சியது. பேங்குக்கும் பணம் வந்தது. இப்படி ஒரு யோசனை சொல்ல ஒரு பெண்மணியால்தான் முடியும்.

ஒன்பது ஆண்டுகள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அங்கே அவர் குடியிருந்தது ஏழெட்டு ஆண்டுகளுக்குள். சாமான்களை எடுத்துக் கொண்டு குன்றில் இருந்து இறங்கிய நாளில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

மறுபடியும் கட்டினார்

வேறு யாராவது என்றால் இனிமேல் கட்டிட வேலையே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். இந்த மனிதர் அப்படிச் செய்யவில்லை. 1900-ம் ஆண்டு வாக்கில் நகரத்தின் மறுகோடியில், பேகம்பேட்டையில், இன்னொரு மாளிகையை எழுப்பினார். பலக்நுமா அளவு பெரிதல்ல. என்றாலும் உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரங்களுமாக அதுவும் மேல்நாட்டு பாணி. பைகா பேலஸ் என்று பெயர்.

அதற்குப் பக்கத்தில் ஒரு மசூதி. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பதில் விருப்பம் உள்ளவர் அவர். 1887-ம் ஆண்டு ஸ்பெயின் தேசத்துக்குப் போயிருந்தபோது கார்டோபா நகரத்துப் பழைய மசூதியைக் கண்டு மயங்கினார். அந்த பாணியில் தன் ஊரில் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார். வழக்கமான கும்மட்டங்களுக்குப் பதில் கூரிய கோபுரங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் மாதா கோவில் என்று நினைத்துவிடுவார்கள். ஸ்பானிஷ் மசூதி என்று ஊர் முழுவதும் அதற்குப் பெயர்.

அது முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1901-ம் ஆண்டு பிரதம மந்திரி பதவியை விட்டு விலகினார். மகாராஜா கிஷன் பிரசாத் அந்த இடத்துக்கு வந்தார். மறு ஆண்டு, 1902 பிப்ரவரி 15-ந்தேதி விகார் உல் உமரா காலமானார். வயது 45. மசூதியை அவர் மகன் சுல்தான் உல் முல்க் 1906-ம் ஆண்டு கட்டி முடித்தார். இன்னொரு மகன் வலி உத் தௌலா பின்னாளில் சமஸ்தானத்தின் உயர்ந்த பதவியில் தந்தையைப் போலவே அமர்ந்தார்.

பைகா குடும்பத்தாரின் சமாதிகள் சந்தோஷ் நகர் அருகே பிசல் பண்டாவில் இருக்கின்றன. விகார் உல் உமராவும் அங்கேதான் அடக்கம். சுண்ணச்சாந்து வேலையும் சலவைக்கல் பலகணிகளும் பார்க்கப் பார்க்கத் திகட்டாதவை. பலக்நுமாவுக்குள் நம்மால் நினைத்தபோது போக முடியாது. இங்கே போகலாம். என் அபிப்பிராயத்தில் வேலைப்பாட்டில் மாளிகைக்கு இந்த இடம் சளைத்ததல்ல. இது முழுக்க நம் தேசத்து கைவேலை.

மாளிகைக்குப் பிறகு நடந்தது

நிஜாம் பலக்நுமாவை ராஜ விருந்தினர் மாளிகை ஆக்கினார். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர், இளவரசராக 1906-ம் ஆண்டு ஐதராபாத்துக்கு வந்தார். 1908-ம் ஆண்டு செப்டம்பரில் மூசி நதி பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு போனது. வீடிழந்தவர்களுக்கு நிஜாம் தன் அரண்மனைக் கதவுகளைத் திறந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1911 ஆகஸ்டு 29-ந்தேதி, இதே பலக்நுமாவில் அவர் உயிர் பிரிந்தது.

அடுத்து வந்த ஏழாவது நிஜாம் உஸ்மான் அலிகான் சிக்கனத்துக்குப் பேர் போனவர். அவர் வசித்தது கிங் கோட்டியில். மலைமேல் மாளிகை விருந்தாளிகள் வரும்போது மட்டும் திறந்தது. சமஸ்தானம் 1948-ம் ஆண்டு இந்தியாவோடு இணைந்தது. 1951-ம் ஆண்டு ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அங்கே தங்கினார். அதன் பிறகு பல ஆண்டுகள் கதவுகள் பூட்டியே கிடந்தன. சரவிளக்குகளில் தூசி படிந்தது.

தாஜ் ஓட்டல் நிறுவனத்தார் அதை எடுத்து, நிஜாம் குடும்பத்து மருமகள் இளவரசி எஸ்ரா மேற்பார்வையில் பத்து ஆண்டுகள் வேலை செய்து, 2010-ம் ஆண்டு நவம்பரில் ஓட்டலாகத் திறந்தார்கள். தங்க வருகிறவர்களை வாசலில் இருந்து குதிரை வண்டியில் மேலே அழைத்துப் போகிறார்கள். 2017-ம் ஆண்டு நவம்பரில் பிரதமர் மோடி அமெரிக்க ஜனாதிபதியின் மகள் இவாங்காவுக்கும் மற்ற விருந்தினர்களுக்கும் இங்கேதான் இரவு விருந்து அளித்தார். விகார் உல் உமரா செய்து வைத்த அந்த 101 பேர் மேஜைக்கு மறுபடி வேலை வந்தது.

பேகம்பேட்டை மாளிகைக்கும் அமெரிக்கத் தொடர்பு வந்தது. சில காலம் சர்க்கார் ஆபீசாக இருந்துவிட்டு, 2008-ம் ஆண்டு முதல் 2023-ம் ஆண்டு வரை அதில் அமெரிக்கத் துணைத் தூதரகம் நடந்தது. விசாவுக்காக அந்த வாசலில் காத்துக் கிடந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! தாங்கள் யார் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அவருக்கு ஞாபகச் சின்னம் என்று ஒன்று எனக்குத் தெரிந்து தினமும் நடமாட்டத்தோடு இருக்கிறது. வாடி மார்க்கத்தில் ஐதராபாத்துக்கு மேற்கே விகாராபாத் என்று ஒரு ஜங்ஷன். பைகா குடும்பத்து நிலம் இருந்த ஊர். விகார் உல் உமராவின் பெயரால் வந்தது. அனந்தகிரி மலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்த நாட்களில், காலை பாசஞ்சருக்கு விகாராபாத் ஒன்று, விகாராபாத் இரண்டு என்று காய்கறிக்காரப் பெண்களும் குமாஸ்தாக்களும் சில்லறையை நீட்டிக் கொண்டே இருப்பார்கள்.